தூசி படிந்த செட்

ராஜபாளையம்
2.7.2025

தங்கச்சி ஆவுடைக்கு,

அண்ணன் சுயம்புலிங்கம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குத் தபாலா என்று நினைப்பாய். வாட்ஸப்பில் என்னை நீ பிளாக் பண்ணி வைத்திருப்பதாக இந்து சொன்னாள். போனில் மூன்று தடவை கூப்பிட்டேன். எடுத்தாய், ஆனால் வாயைத் திறக்கவில்லை. நேரில் வர எனக்கு முகமில்லை. மிச்சம் இருப்பது தபால்காரர்தான்.

நலமா என்று கேட்டால், இருபத்திரண்டு மாதம் கழித்து இப்போதுதான் ஞாபகம் வந்ததா என்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு பாட்டு செட் வேண்டும்.

வீட்டை ஒட்டி, கார் நிறுத்த என்று கட்டிய கொட்டகை உனக்குத் தெரியும். கார்தான் வந்தபாடில்லை. மில்லிலிருந்து ரிட்டயர் ஆனபின் அதில் பெஞ்ச், இரும்பைக் கவ்விப் பிடிக்க வைஸ், சாணை பிடிக்க கிரைண்டர் எல்லாம் போட்டு, தெருக்காரர்களுடைய மிக்ஸி, டேபிள் ஃபேன், தண்ணீர் மோட்டார் என்று பேரிங் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பதினெட்டடி நீளம், பத்தடி அகலம், மேலே தகரம். அதற்கு எந்த செட் சரிப்படும் என்று உனக்குத் தெரியாமல் எனக்கா தெரியும்? இருபது வருஷமாக மைக் செட் கடை நடத்துகிறாய்.

புதிது வேண்டாம். பழையதாகத்தான் வேண்டும். ஒன்றிரண்டு வருஷம் ஓடியதாக, மேலே தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்ததாக இருந்தால் நல்லது. சத்தம் தெருமுனை வரை போக வேண்டும். பாட்டு எதுவானாலும் சரி. இருபத்தைந்தாம் தேதிக்குள் கொட்டகையில் இருக்க வேண்டும். ஆடிப்பூரத் தேர் பார்க்க இந்துவும் மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் கோவில்பட்டியிலிருந்து வருகிறார்கள். என் வீட்டில்தான் தங்குகிறார்கள்.

கல்யாண மண்டபத்தில் நடந்தது நடந்து போச்சு. இரண்டு பக்கமும் தப்பு இருந்தது. அதைக் கிளற வேண்டாம்.

அண்ணன்
சுயம்புலிங்கம்

*

ஆவுடை சவுண்ட் சர்வீஸ்
ஸ்ரீவில்லிபுத்தூர்
5.7.2025

ராஜபாளையம் திரு. சுயம்புலிங்கம் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. கடைக்கு வருகிற யாருக்கும் சொல்வதைத் தங்களுக்கும் சொல்கிறேன்.

தகரக் கூரைக்குக் கீழே பெரிய செட் வைத்தால் சத்தம் மேலே மோதிக் கீழே விழும். பாட்டு புரியாது, தலைவலிதான் மிஞ்சும். இரண்டு பெட்டி தேவையில்லை. ஒரே ஒரு சின்னப் பெட்டி, உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் காது உயரத்துக்கு, கிரைண்டருக்கு எதிர்ப்பக்கம் சுவரில் மாட்டினால் போதும். இரும்புத்தூள் ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டும், அதனால் முன்னால் மெல்லிய துணி கட்ட வேண்டும். போனிலிருந்து பாட்டு வாங்குகிற புதுப் பெட்டிகள் பஜாரில் எங்கும் கிடைக்கின்றன. ஒருவர் வேலை பார்க்கிற கொட்டகைக்கு அதுவே தாராளம். இது பேச்சுத் துணைக்கு வைக்கிற செட், திருவிழாவுக்கு வைப்பது அல்ல.

பழையதுதான் வேண்டும், தூசி படிந்திருக்க வேண்டும் என்று இருபது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. காரணம் சொன்னால் பார்க்கலாம்.

மூன்று தடவை தாங்கள் போன் செய்தது உண்மை. மூன்று தடவையும் நான் பேசினேன். தாங்கள்தான் 'ஹலோ, ஹலோ' என்று கத்திவிட்டு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தீர்கள்.

இரண்டு பக்கமும் தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். என் பக்கத்துத் தப்பு எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அத்தை முறைச் சீராக, நானே வயர் இழுத்து, நானே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மண்டபத்தில் கடைசி வரிசை வரை கணீரென்று கேட்டது. தாங்கள் வந்து, "ஏட்டி, செத்த செட்டையா கொண்டாந்து வச்சிருக்க, ஒண்ணுமே கேக்கல" என்று சொல்லி எல்லாத் திருகையும் கடைசி வரை திருப்பினீர்கள். விசில் அடித்து, ஸ்பீக்கருக்குள் கம்பிச்சுருள் கருகி, புகை வந்தது. அதற்கப்புறம் சம்பந்தி வீட்டார் முன்னால் சொன்னீர்கள்: "பொம்பள கையில மைக் செட்டக் குடுத்தா இதான் கதி. ஓசியில வந்தது ஓசி மாதிரிதான் இருக்கும்."

நான் வயரைச் சுருட்டிக்கொண்டு, அந்த வீட்டுச் சாப்பாட்டில் கை நனைக்காமல் வந்தேன். பிறந்த வீட்டுக் கல்யாணத்தில் பட்டினியாகத் திரும்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

யார் முன்னால் அப்படிச் சொன்னீர்களோ, அவர்கள் முன்னாலேயே "அது நல்ல செட்" என்று சொல்லுங்கள். அதன்பின் கடையில் இருப்பதில் நல்லதாக எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஆவுடையம்மாள்
உரிமையாளர்

*

ராஜபாளையம்
8.7.2025

தங்கச்சி ஆவுடைக்கு,

திரு, அவர்கள், தாங்கள். கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருந்தது. மூன்று தடவை படித்தேன். உன் மதினி காளீஸ்வரியிடம் காட்டவில்லை. நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

போனில் நீ பேசியது எனக்குக் கேட்கவில்லை. போன் கோளாறாக இருக்கும். மட்டமான போன்.

உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இங்கேயே பஜாரில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். கூடவே என் ஸ்க்ரூ டிரைவரையும் கொண்டுபோனேன். முப்பத்தொரு வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் நான். ஒரு ஹால் முழுக்க மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஸ்க்ரூ டிரைவர் முனையை மிஷினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி, எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவேன். "சுயம்பு சொன்னா மறுபேச்சு இல்லாம கழத்து" என்பார் மேனேஜர். இன்றைக்கும் தெருவில் எந்த மோட்டார் வந்தாலும் அப்படித்தான் பார்க்கிறேன். ஒன்றுகூடத் தப்பியதில்லை. என் காது அப்படிப்பட்ட காது. பாட்டுப் பெட்டியையும் அதே மாதிரி ஸ்க்ரூ டிரைவர் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பெட்டி நன்றாக அதிர்கிறது. ஆனால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டுக் கேட்டால் தாளம் மட்டும்தான் இருக்கிறது. பாடுகிறவர்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள். "என்னய்யா, பாடுதவளுக்குத் தொண்டை கட்டிருக்கா?" என்று கேட்டேன். அவர் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டச் சொன்னேன். எதிர்க்கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். இந்தக் காலத்துச் சரக்கே இப்படித்தான் போலிருக்கிறது. இரண்டாவது கடையிலும் இதே கதை.

பழையது ஏன் என்று கேட்கிறாய். பழையது என்றால் உழைக்கும். அவ்வளவுதான். மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணனுக்குப் பாட்டுப் பெட்டி என்றால் உயிர். மாமா வைத்திருக்கிற செட் என்ன மாடல், எத்தனை வாட்ஸ் என்று காளீஸ்வரியிடம் இப்போதே போனில் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். வந்ததும் முதல் வேலையாகக் கொட்டகைக்குத்தான் வருவார். அதனால் சீக்கிரம் சொல்.

நீ போட்ட நிபந்தனை மட்டும் என்னால் முடியாது. பெண்ணைக் கொடுத்த இடம். அங்கே போய்த் தலைகுனிந்து நிற்கச் சொல்கிறாயா?

சுயம்புலிங்கம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.7.2025

அண்ணனுக்கு,

இந்தத் தடவை கடைத் தாளை எடுக்கவில்லை. இது வியாபாரம் இல்லை என்று உன் கடிதத்தைப் படித்ததுமே தெரிந்துவிட்டது.

இனிமேல்தான் வாங்கப்போகிற செட்டுக்கு மாப்பிள்ளை எப்படி இப்போதே மாடல் கேட்கிறார்? அந்த ஒரு வரி என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. முதலில் இந்துவைக் கூப்பிட்டேன். அவள் சொன்னாள்: "அப்பா கொட்டகையில பாட்ட அலற விட்டுட்டு வேலை பாத்திருக்காவ, அத்தை. பக்கத்துலயே தொட்டில்ல பிள்ள அழுது அழுது நீலம் பாரிச்சுப் போச்சு. தெருவே ஓடி வந்திருக்கு, அவியளுக்குப் பாட்டுதான் பெருசா இருந்திருக்கு." மே மாதம் அவள் கோபித்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனதற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் தெரியும்.

அடுத்து மதினியைக் கூப்பிட்டேன். அவள் ரொம்ப நேரம் வேறு கதை பேசினாள். கடைசியில், "கொட்டகையில ஏது தாயீ பாட்டு செட்டு? ஒரு டப்பா ரேடியோகூடக் கிடையாது. உங்க அண்ணன் அப்பிடிச் சொன்னாவ, நானும் வாயத் தொறக்கல" என்றாள்.

ஆக, நீ கேட்கிற செட் பாட்டுக் கேட்பதற்கு இல்லை. மாப்பிள்ளைக்குக் காட்டுவதற்கு. தூசி எதற்கு, எண்ணெய்ப் பிசுக்கு எதற்கு என்று இப்போது புரிகிறது. பொய்க்குச் சாட்சி சொல்லுகிற செட் என் கடையில் கிடையாது அண்ணே.

நான் கேட்கிறேன், நீ உனக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள். குக்கர் விசிலை எண்ணுவது வீட்டில் யார்? மதினி உன்னோடு பேசும்போது முன்னால் வந்து நின்று பேசுகிறாளா, அடுப்படியிலிருந்தே பேசுகிறாளா? காலிங் பெல் அடித்தால் கதவைத் திறக்கப் போவது யார்? பஜாரில் இரண்டு கடையிலும் பாடுகிறவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதை எழுதும்போது உன் கை கொஞ்சமாவது நிற்கவில்லையா?

ஸ்க்ரூ டிரைவர் உனக்குச் சொல்வது அதிர்வை. அது எலும்பு வழியாக வருகிறது. பிள்ளை அழுவது காற்று வழியாக வருகிறது. உன் காது இன்னும் மில்லில் இருந்த காது என்று அந்த ஸ்க்ரூ டிரைவர் உன்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆவுடை

*

ராஜபாளையம்
15.7.2025

ஆவுடை,

நீ எப்போது காது டாக்டருக்குப் படித்தாய்? வயர் சுருட்டுகிற உனக்கு இவ்வளவு வாயா? என் காதில் ஒரு குறையும் இல்லை. செட் வேண்டாம். நீயே வைத்துக்கொள். மதினியிடம் பேசுவதையும் இத்தோடு நிறுத்திக்கொள்.

16.7.2025

மேலே இருப்பதை நேற்று எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதலாம். ஆனால் அதையும் நீ பார்க்க வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாதபோது நான் இப்படித்தான் கத்துவேன் என்பது மண்டபத்திலேயே உனக்குத் தெரியும்.

விசில் எண்ணுவது காளீஸ்வரிதான். மற்றதற்கும் அதே பதில்தான்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. இந்துவும் காளீஸ்வரியும் அடுத்த தெருவில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்குள் புழுக்கம். கொட்டகையில் வேப்பமரத்துக் காற்று வரும் என்று பேத்தியை அங்கே தொட்டிலில் தூங்கப் போட்டுவிட்டு, "பாத்துக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சுவரைப் பார்த்து நின்று வைஸில் ஒரு மோட்டார் புஷ்ஷை அரம் போட்டுக்கொண்டிருந்தேன். தொட்டில் என் முதுகுக்குப் பின்னால், ஆறடி தூரத்தில். கிரைண்டர் ஓடவில்லை. மோட்டார் ஓடவில்லை. அரம் மட்டும்தான்.

யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் பிச்சையம்மாள், மூன்று வீடு தள்ளி இருக்கிறவள். கையெல்லாம் இட்லி மாவு. அவளுக்குப் பின்னால் தொட்டில். பிள்ளையின் ஒரு கால் சேலை மடிப்பில் சிக்கி முறுக்கியிருந்தது, முகம் நீலமாக இருந்தது, வாய் திறந்திருந்தது. பிள்ளை அழுகிறது என்று எனக்குக் கண்ணால்தான் தெரிந்தது. காதுக்கு ஒன்றும் வரவில்லை. கிட்டத்தில் போய்த் தூக்கியபின், எங்கேயோ தூரத்தில் பூனை கத்துவது போல லேசாக வந்தது.

"அரைமணி நேரமா தெருவே கேக்குதே, நீங்க பக்கத்துலயே நிக்கீயளே" என்றாள் பிச்சையம்மாள். அந்த நேரத்தில் என் வாயில் வந்ததுதான் அந்தப் பொய். "பாட்டு ஓடுச்சும்மா, அதுல கேக்கல" என்றேன். அவள் கொட்டகையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. இந்து வந்ததும், சாமான் குவியலுக்குள் ஒரு பாட்டு செட் இருக்கிறது என்று அவளிடமும் அதையே சொன்னேன்; பிள்ளையைத் தூக்கிய அவசரத்தில் அவள் தேடிப் பார்க்கவில்லை.

பாட்டு என்று சொன்னால், பொறுப்பில்லாதவன் என்று திட்டுவார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். செவிடன் என்று தெரிந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் நானே அதைச் செய்திருக்கிறேன். மில்லில் சிவபாண்டி என்று ஒரு ஜாபர் மேஸ்திரி இருந்தார், காது சுத்தமாகப் போனவர். அவர் பின்னால் நின்று "ஏலே செவிடா" என்று கூப்பிடுவேன். அவர் திரும்பாமல் வேலை பார்ப்பார். ஷிப்டே சிரிக்கும். எத்தனை வருஷம் அப்படிச் சிரித்தோம் என்று கணக்கில்லை. போன தீபாவளிக்கு முன்னால் அவரை பஸ்ஸில் பார்த்தேன். கண்டக்டர் ஏதோ கேட்டார், நான் சம்பந்தமில்லாமல் ஏதோ பதில் சொன்னேன். சிவபாண்டி அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரித்திருக்கலாம்.

வெட்கமாக இருக்கிறது ஆவுடை. பிள்ளையை நினைத்து வெட்கம், இந்துவிடம் சொன்ன பொய்யை நினைத்து வெட்கம். உன்னை நினைத்தால் எல்லாவற்றையும்விட வெட்கம். மண்டபத்தில் உன் செட் செத்த செட் இல்லை என்று மே மாதமே எனக்குத் தெரிந்துபோச்சு. தெரிந்த பிறகும், 'இரண்டு பக்கமும் தப்பு' என்று உனக்கு எழுதினேன்.

ஆனால் சம்பந்தி முன்னால் என்னால் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. செட் இருந்தால் அனுப்பு. இல்லையென்றால் மாப்பிள்ளையிடம் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

அண்ணன்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
19.7.2025

அண்ணே,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஆடி மாதம், கோவில் கொடைத் திருவிழாவுக்கு செட் கேட்டு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சொன்னபின் நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் அது நியாயம்தான்.

மண்டபத்தில் நீ திருகைத் திருப்பியதும் மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்து விசில் அடித்ததே, நினைவிருக்கிறதா? இருக்காது. அதுதான் நான் சொல்ல வந்தது. அந்த விசிலுக்கு மண்டபமே காதைப் பொத்தியது. மாலையும் கழுத்துமாக இருந்த இந்து இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். நீ ஒருத்தன் மட்டும் திருகு மேல் கையை வைத்தபடி நின்றாய். கண் இமைகூட ஆடவில்லை. "இப்பதான் லேசா கேக்கு" என்றாய்.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இருபது வருஷம் இதே தொழில். எந்தக் காதுக்கு எந்தச் சத்தம் போகவில்லை என்பது எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அண்ணனுக்குக் காது போய்விட்டது, கீச்சுச் சத்தம் சுத்தமாகக் கேட்கவில்லை என்று தெரிந்தேதான் வயரைச் சுருட்டினேன். உன்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மதினியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'என்னை இப்படிப் பேசினானே, கிடக்கட்டும், நாலு இடத்தில் அவமானப்பட்டால்தான் தெரியும்' என்று நினைத்தேன். நீ போனில் 'ஹலோ, ஹலோ' என்று கத்தியபோதும் தெரியும். கேட்காமல்தான் கத்துகிறாய் என்று தெரிந்துகொண்டே பேசினேன், நீ வைத்தபின் சிரித்தேன். நீ சிவபாண்டியைப் பார்த்துச் சிரித்ததற்கும் நான் உன்னைப் பார்த்துச் சிரித்ததற்கும் என்ன வித்தியாசம்?

பிள்ளை பிறந்து உன் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தபோதும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்திருக்காது. உன் கடிதத்தில் பிள்ளையின் கால் சேலை மடிப்பில் சிக்கியிருந்தது என்ற இடத்துக்கு வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. உனக்காவது தெரியாமல் நடந்தது. எனக்குத் தெரிந்து நடந்தது.

நிபந்தனை எல்லாம் இனி இல்லை. உன்னிடம் அதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. சம்பந்தி முன்னால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

செட் அனுப்புகிறேன். தேவதானத்தில் ஒரு கொடைக்கு செவ்வாய்க்கிழமை நம் வண்டி போகிறது. டிரைவர் வேல்பாண்டி உன் வீட்டில் இறக்கிவிட்டுப் போவான். ஆனால் அது நீ கேட்ட செட் இல்லை. பாட்டுக்கு ஏற்றபடி மினுங்குகிற சீரியல் லைட் பார்த்திருப்பாய், கோவில் கொடையில் கட்டுவோமே, அந்த சர்க்யூட்டைத் தனியாக எடுத்து ஒரு சின்னப் பெட்டியில் போட்டிருக்கிறேன். ஒரு முனையில் மைக். அதைத் தொட்டில் கயிற்றில், பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டு. வயரைச் சுவரோடு ஆணி அடித்துக் கொண்டுபோ. மறுமுனையில் ஒரு சிவப்பு பல்பு. அதை வைஸுக்கு நேர் மேலே, உன் கண்ணுக்கு முன்னால் மாட்டு. பிள்ளை சிணுங்கினால் மினுங்கும், அழுதால் நின்று எரியும். திருகு ஒன்றே ஒன்றுதான். அதில் நான் நெயில் பாலிஷால் கோடு போட்டிருக்கிறேன், அதற்கு மேல் திருப்பாதே. கிரைண்டர் போட்டால் அதற்கும் எரியும். பிள்ளை இருக்கும்போது கிரைண்டரே போடாதே.

இது ஸ்பீக்கர் இல்லாத செட். நான் கட்டியதிலேயே சின்னது. உன் கொட்டகைக்கு இதற்கு மேல் தேவையில்லை.

தேர் முடிந்ததும் மதுரைக்குப் போய்க் காதைக் காட்டுவோம். நீ வேண்டாம் என்றாலும் நான் வருவேன்.

ஆவுடை

*

ராஜபாளையம்
30.7.2025

ஆவுடைக்கு,

பெட்டி செவ்வாய்க்கிழமையே வந்து சேர்ந்தது. வேல்பாண்டி ஏதோ சொன்னான், வழக்கம் போலத் தலையாட்டினேன். புதன்கிழமை மாட்டினேன். காளீஸ்வரியைத் தொட்டில் பக்கத்தில் நிற்க வைத்து, பிள்ளை மாதிரி அழச் சொன்னேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே அழுதாள். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். பல்பு எரிந்தது. காளீஸ்வரி பொய்யாக ஆரம்பித்தவள் நிஜமாகவே அழுதுவிட்டாள். திருகில் நீ போட்ட கோட்டைத் தாண்டவில்லை.

நீ என்னைப் பார்த்துச் சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். கோபம் வந்தது. அரைநாள் இருந்தது. அதன்பின் யோசித்தேன். அன்றைக்கு நீ வந்து சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? உன்னை அடித்தே இருப்பேன். அந்த பாரத்தை நீ தனியாகச் சுமக்காதே.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுதத்தான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். அவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் என் புத்தி பழைய இடத்துக்கே போய்விட்டது. ஓடிப்போய் மைக்கைக் கழற்றி, பல்பைக் கழற்றி, பெட்டியைப் பெஞ்சுக்கு அடியில் சாக்கைப் போட்டு மூடிவைத்தேன். மாப்பிள்ளை கை கால்கூடக் கழுவவில்லை, நேரே கொட்டகைக்கு வந்துவிட்டார். சம்பந்தியும் பின்னாலேயே. இந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"எங்க மாமா அந்த செட்டு?" என்றார் மாப்பிள்ளை. அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன் மாப்ள, ஆவுடை கடையில" என்றேன்.

பொய்யோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அதில் உன் பேரையும் இழுத்தேன். சம்பந்தி சிரித்தார். "அன்னைக்குக் கல்யாணத்துல செட்டக் கெடுத்தாவளே, அவியகிட்டயா திரும்பவும் குடுத்தீய?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் வாய் எனக்கே அருவருப்பாக இருந்தது ஆவுடை. உன்னை அந்த மண்டபத்தில் ஒரு தடவை விற்றேன். இதோ, என் சொந்தக் கொட்டகையில் இரண்டாம் தடவை.

குனிந்து சாக்கை எடுத்தேன். பெட்டியை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தேன். "பாட்டு செட்டுன்னு ஒண்ணு இங்க எப்பவும் இருந்ததில்ல. அன்னைக்குப் பாட்டு எதுவும் ஓடல. பிள்ள அழுதது எனக்குக் கேக்கல. எனக்குக் காது போச்சு" என்றேன். நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று தோன்றியது. அதனால் சேர்த்தே சொன்னேன்: "கல்யாணத்துல என் தங்கச்சி வச்ச செட்டு நல்ல செட்டு. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. கேக்காதவன் நான் ஒருத்தன்தான். நான்தான் திருகைத் திருப்பிக் கெடுத்தேன். கெடுத்துட்டு அவளத் திட்டினேன்."

ஒருவரும் பேசவில்லை. பேசினார்களோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. இந்து உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் மைக்கைத் தன் கையாலேயே கயிற்றில் கட்டி, பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். நான் பல்பை மாட்டியதும் என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். பாஷை தெரியாத ஊரில் பஸ்ஸுக்கு நிற்பவனைப் போல நின்றேன். பல்பு மினுங்கியது, பிறகு நின்று எரிந்தது. நான் திரும்பினேன். இந்து பிள்ளையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன நாளாப்பா இப்பிடி?" என்று முன்னால் வந்து நின்று கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மை. அவள் இன்னும் பிள்ளையை என்னிடம் தனியாக விடவில்லை. விடு என்று நானும் கேட்கவில்லை.

இரவு சாப்பிட உட்கார்ந்தபோது சம்பந்தி இலையைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். மீசை மறைத்ததால் வாய் தெரியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் 'ஆமா, ஆமா' என்று சிரித்து வைப்பேன். எத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு அப்படி ஆமா போட்டேனோ. அன்றைக்குப் போடவில்லை. "சம்பந்தி, எனக்குக் காது கேக்காது. என்னப் பாத்துச் சத்தமாச் சொல்லுங்க" என்றேன். இப்படி ஒருவரிடம் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவர் நிமிர்ந்து, வாயைத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அந்தம்மா அன்னைக்குச் சாப்பிடாமப் போனாவளே. திரும்பக் கூப்பிட்டீயளான்னு கேட்டேன்."

இல்லை என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வரை அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அன்றைக்கு மத்தியானம் நீ வர வேண்டும். சம்பந்தி பந்தியில், அவருக்குப் பக்கத்தில் உனக்கு இலை போடுகிறேன். காளீஸ்வரி பரிமாறுகிறேன் என்றாள். வேண்டாம், நான்தான் பரிமாறுவேன் என்று சொல்லிவிட்டேன். முந்தின தடவை வராத பாயசத்தையும் சேர்த்து இரண்டு தடவை வைப்பேன்.

வந்ததும் தெருவில் நின்று "அண்ணே" என்று கூப்பிடாதே. எனக்குக் கேட்காது. நேராக உள்ளே வந்து, என் கண்ணுக்கு முன்னால் நில்.

அண்ணன்
சுயம்புலிங்கம்